தணிப்பு நடவடிக்கை

மார்ச்சிலிருந்து மே வரை, வாரத்துக்கு இரண்டு நாள்,
காற்றை உறிஞ்சும் பெட்டியைப்
பரிபூரணத்தின் மொட்டைமாடியில் வைத்தேன்.
ராதாபுரம் தாலுகா, கூகைவிளை.
அறிக்கையில் அவள் வீட்டுக்குப் பெயர் ஏ.க்யூ. மூன்று.
கரண்டுக்கு முந்நூறு ரூபாய்.
காயப்போட்ட வத்தலை ஒதுக்கி இடம்விட்டாள்.
"என்னத்தப் பிடிக்கும் இது?"
"தூசியை."
"எங்க தூசியையா," என்றாள்,
"அதுக்கா முந்நூறு ரூவா?"

வெள்ளைத் தாளை எடைபோட்டு உள்ளே செருகுவேன்.
மறுநாள் சிவந்து வரும். மறுபடி எடை.
இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான்
அந்த ஊர் ஒருநாள் மூச்சுவிட்டது.
நாற்பத்தாறு மைக்ரோகிராம். வரம்புக்குள்.
காற்றாலை இறக்கையின் நிழல்
மாடியை வெட்டி வெட்டிப் போய்க்கொண்டிருந்தது,
அதற்குக் கட்டம் இல்லை.

பனை முந்நூற்றுப் பதினேழு எண்ணியிருந்தேன்.
தனபாலன் சார் போனில் சொன்னார்:
"மரம்னு போடாதப்பா, தாவரம்னு போடு."
மயிலுக்கு, "குரல் கேட்டது, காணப்படவில்லை."
அவர் சொல்லி முடிக்கும்வரை
என் பைக் சீட்டைக் கொத்திக்கொண்டிருந்தது அது.

யாரும் அறிக்கையைப் புதிதாக எழுதுவதில்லை.
கரூருக்கு எழுதியது நாமக்கல்லுக்குப் போகும்,
நாமக்கல்லுக்குப் போனது எனக்கு வந்தது.
கண்டுபிடி, மாற்று, எல்லாவற்றையும் மாற்று.
ஒரு காவிரி மட்டும் மாறாமல் தங்கிவிட்டது
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்.
ஓடைகூட இல்லாத அந்தப் பொட்டலில்
இரண்டு மாதம் ஓடியது.
வாரியத்தில் படித்தவர்கள் யாரும் நனையவில்லை.
கண்ணில் பட்டு அழிக்கப் போனபோது
கொஞ்ச நேரம் கை வரவில்லை எனக்கு.

கருத்துக் கேட்பு வள்ளியூரில், கல்யாண மண்டபத்தில்.
மேடையில் முந்தைய நாள் மணமக்களின் பெயர்
தெர்மாகோலில் பாதி உரிந்து நின்றது.
அதன் கீழே அதிகாரிகள்.
ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒரு வீடியோக்காரர்.
முன்வரிசை லாரிக்காரர்கள் ஒன்பது பேர்
ஒரே வாக்கியத்தை முறைவைத்து வரவேற்றார்கள்.
பள்ளிக்கூடம் ஒன்றே கால் கிலோமீட்டர் என்றது எங்கள் வரைபடம்.
அந்த ஊர்ப் பையன் ஒருவன் நடந்து பார்த்திருந்தான்,
அறுநூற்றைம்பது எட்டு.
"குறித்துக்கொள்கிறோம்."

பிறகு பரிபூரணம் வந்தாள்,
தமிழ்ச் சுருக்கத்தில் ஒரு பக்கத்தை மட்டும் மடித்துப் பிடித்தபடி.
"பதினோராம் பக்கம்," என்றாள்.
"தூசி அடங்க ரோட்டுக்கு
நாளும் பன்னிரண்டாயிரம் லிட்டர்,
காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்கன்னு போட்டிருக்கிய.
எங்களுக்கு ஒம்பது நாளைக்கு ஒருக்கத்தான் பைப்புல தண்ணி.
ரோட்ட ரெண்டு நேரம் குளிப்பாட்டுதீய.
நான் பிள்ளையளக் கூட்டிட்டு
அந்த ரோட்டுல வந்து உக்காந்துக்கிடட்டா?"

மண்டபம் சிரித்தது. லாரிக்காரர்களும்.
அவள் சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றாள்.
சார் மைக்கைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கேள்விம்மா."
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

இப்போது இறுதி அறிக்கை. இணைப்பு ஏழு.
பெயர், வினா, பதில் என மூன்று கட்டம்.
வரிசை எண் இருபத்து மூன்று.
மாதிரி வாக்கியம் தயாராக இருக்கிறது:
மனுதாரர் குடிநீர் வசதி கோரினார்,
சமூகப் பொறுப்பு நிதியில் பரிசீலிக்கப்படும்.
பொய் என்று சொல்ல முடியாது.
இந்த அறிக்கையில் பொய் என்று விரல் வைக்க
ஓரிடமும் கிடைக்காது, அப்படித்தான் செய்திருக்கிறோம்.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே அடித்தேன்.
குளிப்பாட்டுதீய என்பதன் அடியில்
சிவப்புக் கோடு போட்டது கணினி.
விட்டுவிட்டேன். நாளைக்கு யாராவது திருத்துவார்கள்.

மூன்றாவது கட்டத்துக்காக
அந்தப் பன்னிரண்டாயிரம் லிட்டர் எங்கிருந்து என்று
முதல்முறையாகத் தேடினேன்.
இருநூற்று நாற்பது பக்கத்தில் ஒரே இடம்:
நீர், வெளி ஆதாரத்திலிருந்து பெறப்படும்.
எழுத்துரு வேறாக இருந்தது.
காவிரியோடு வந்த வரி.